டென்ட்டை உருவச் சொன்ன நாள்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க மழைதான். பெரிய சண்டை கிடையாது, ராஜா ராணி கிடையாது. ஒரே ஒரு சொல்லும், அதனால் ஒருத்தி பட்ட பாடும்தான். ஆனாலும் கடைசிவரை எழுந்து போகமாட்டீர்கள், பாருங்கள்.

முதலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். டென்ட். துணியால் அடிக்கிற கூடாரம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில், எங்கள் கென்ட் சீமையில் இன்னொன்றுக்கும் அதே பெயர்தான். ஆழமான புண்ணின் வாய் அவசரப்பட்டு மூடிவிடக் கூடாதல்லவா? அதற்காகப் பழைய லினன் துணியைக் கத்தியால் சுரண்டிப் பஞ்சாக்கி, அதைத் திரியாக உருட்டி, மருந்தில் தோய்த்துப் புண்ணுக்குள் செருகி வைப்பார்கள். அந்தத் திரியும் டென்ட்தான். வைத்தியருக்குத் திரி டென்ட், வண்டிக்காரனுக்குக் கூடாரம் டென்ட். கூடாரத்தைப் பிரிப்பதற்கும் திரியை எடுப்பதற்கும்கூட உருவுவது என்றேதான் சொல்வார்கள். எந்த டென்ட் என்று யாரும் கேட்பதில்லை. பேசுகிற இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பிரெஞ்சுக்காரன் கடல் தாண்டி வரப்போகிறான் என்று நாடே பயந்துகொண்டிருந்த வருஷம் அது. ஊர் ஊராகச் சீட்டுக் குலுக்கி நாட்டுப் படைக்கு ஆள் எடுத்தார்கள். செருப்புத் தைக்கிறவன், ஆடு மேய்க்கிறவன், தொப்பி செய்கிறவன் எல்லோருக்கும் சிவப்புச் சட்டையை மாட்டி, முள்புதர் மண்டிய ஒரு மேட்டில் கொண்டுபோய்க் கூடாரம் அடித்து உட்காரவைத்தார்கள். கோடை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் வரவில்லை. மழைதான் வந்தது.

சைலஸ் பில்ச்சருக்கும் அந்தச் சீட்டு விழுந்தது. ஹாப்ஸ் காயைச் சூளையில் உலர்த்துகிற வேலை அவனுக்கு. பீருக்குக் கசப்புச் சேர்க்கிற அந்தக் காயின் வாசனை குளித்தாலும் அவன் உடம்பைவிட்டுப் போகாது. மனைவி டார்க்கஸும் அவனோடு கிளம்பிவிட்டாள். துணி வெளுக்கவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் சில சிப்பாய்களின் மனைவிமாரைப் படையே வைத்துக்கொள்ளும். கூலியாக ரொட்டியும், படுக்க ஒரு மூலையும் கிடைக்கும். அவள் போன நாளிலிருந்து அவள் கை காய்ந்ததே இல்லை. காரத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்து, ரொட்டியில் உப்பு பட்டால்கூட எரியும்.

சைலஸுக்குக் காயம் பட்டது எதிரியால் அல்ல. பயிற்சி நடக்கும்போது பின்னால் ஓடி வந்தவன் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தான். அவன் துப்பாக்கி முனையிலிருந்த கத்தி சைலஸின் தொடைக்குள் இறங்கிவிட்டது. மேலே பார்த்தால் சின்னக் காயம். உள்ளேயோ ஆழம். சீழ் கட்டிக்கொண்டது. வைத்தியர் கீறி வடித்துவிட்டு, டென்ட் ஒன்றை உள்ளே செருகினார். டார்க்கஸை அழைத்துத் தெளிவாகச் சொன்னார்:

"இந்தப் புண்ணு அடியிலேர்ந்து ஆறி மேல வரணும், புரியுதா? மேல் வாய் முந்திக்கிட்டு மூடினா, சீழ் எல்லாம் உள்ள எலும்பைப் பார்த்துப் போயிடும். அப்புறம் காலை எடுக்கிறதுதான், அதுலயும் பிழைப்பானோ என்னவோ. தினம் காலையில பழசை எடுத்துட்டுப் புதுசு வை. நாள் போகப்போக டென்ட்டை மெலிசாக்கிக்கிட்டே வா. அவன் கத்தினாலும் விடாதே."

அவளும் விடவில்லை. முட்டையின் மஞ்சள் கருவையும் டர்பன்டைன் தைலத்தையும் குழைத்துத் திரியில் தடவி, ஒவ்வொரு காலையும் செருகினாள். முதல் சில நாள் சைலஸ் வேடிக்கை பேசிக்கொண்டே தாங்கிக்கொண்டான். "என்னடி, வாத்துக்குள்ள வெங்காயம் திணிக்கிற மாதிரி திணிக்கிற? அடுப்புல வைக்கப் போறியா?" என்பான். பிறகு வேடிக்கை குறைந்தது. பிறகு பேச்சே இல்லை. அவள் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தால் முகத்தைக் கூடாரச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். முடித்துவிட்டு அவள் வெளியே வந்து கூடாரத்துக்குப் பின்னால் சற்று நேரம் நிற்பாள். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று அவளுக்கே தெரியாது. களைப்பு அப்படி.

ஒருவழியாகப் பாளையத்தைக் கலைக்க உத்தரவு வந்தது. குளிர்காலத்துக்கு மெய்ட்ஸ்டன் நகரத்துக்குப் போய்விடலாம். அங்கே சத்திரங்களிலும் களஞ்சியங்களிலும் கூரைக்குக் கீழே படுக்கலாம். வைத்தியர் மற்ற நோயாளிகளை ஏற்றிக்கொண்டு முந்தின நாளே புறப்பட்டுவிட்டார். சைலஸைக் குலுக்காமல் கொண்டுவர வேண்டும், வைக்கோல் போட்ட கடைசி வண்டியில் ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். அதனால் நோயாளிகளின் பெரிய கூடாரத்தில் அன்று அவன் மட்டும்தான் கிடந்தான்.

விடிகாலையில் அவனுக்கு டென்ட் மாற்றிவிட்டு டார்க்கஸ் ஓடைக்குப் போனாள். கட்டுத் துணிகளையெல்லாம் கடைசியாக ஒருமுறை வெளுத்துப் பிழிந்து மூட்டை கட்ட வேண்டும். கூட வந்தவள் ஹெஸ்டர். தொப்பிக்காரன் ஒருவனின் மனைவி, வாயாடி.

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்றாள் ஹெஸ்டர், ஒரு போர்வையை முறுக்கிக்கொண்டே.

"புண்ணு ஒழுகுது. நல்லா ஒழுகுது."

"இந்த மேட்டுல ஒழுகணும்னே போட்ட டென்ட் அது ஒண்ணுதான், அது ஒழுங்கா ஒழுகுது. ஒழுகக் கூடாதுன்னு போட்டதெல்லாம் அதைவிட நல்லா ஒழுகுது. ராத்திரி என் மூக்கு மேலயே சொட்டிக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா?"

டார்க்கஸ் சிரிக்க நினைத்தாள். வாய் கோணியதோடு சரி.

"ஏண்டி, கடைசியா எப்ப படுத்த?"

"படுக்கிறேன். தூக்கம்தான் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா அந்தப் புண்ணு வாய்தான் தெரியுது."

அப்போதுதான் மேட்டின் மேலிருந்து முரசு கேட்டது. அதையும் தாண்டி சார்ஜென்ட் ஹாக்பெனின் குரல் கேட்டது. படைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஆடு மேய்த்தவர். இந்தக் குன்றில் நின்று கூப்பிட்டால் அடுத்த குன்றிலிருக்கும் ஆடு திரும்பிப் பார்க்கும்.

"டென்ட்டை உருவுங்கடா! எல்லா டென்ட்டையும் உருவு! ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது! இது கேப்டன் உத்தரவு!"

"அப்பாடா," என்றாள் ஹெஸ்டர். "இனிமே என் மூக்கு பிழைச்சுது."

மழையில் வெளுத்தால் துணியிலிருந்து தண்ணீர் எங்கே வடியும்? அவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு மேடேறி வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாளையமே அலங்கோலமாகக் கிடந்தது. முளைகளைப் பிடுங்கி, கம்புகளைச் சரித்து, நனைந்து கனத்துப்போன துணியை நாலு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிகளைத்தான் காணோம். சேறு. அவரவர் மூட்டைமேல் உட்கார்ந்து, கழுத்துக்குள் தண்ணீர் இறங்க, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளிகளின் கூடாரம் மட்டும் இன்னும் நின்றது. உள்ளே போன டார்க்கஸுக்குச் சைலஸின் முகத்தைப் பார்த்ததுமே சுருக்கென்றது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கண் பளபளத்தது.

"எப்ப காய்ச்சல் வந்துச்சு?"

"காய்ச்சல் எல்லாம் இல்ல. நல்லா இருக்கேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா இருக்கேன்."

போர்வையை விலக்கினாள். கட்டு அவிழ்ந்து கிடந்தது. புண்ணில் டென்ட் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கோலில் மஞ்சளாய் ஒரு திரி கிடந்தது, செத்த புழு மாதிரி. புண்ணின் வாய் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் தொடை வீங்கி, தொட்டால் சுட்டது.

"யாரு எடுத்தது?"

சைலஸ் கூரையைப் பார்த்தான். "சார்ஜென்ட் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"எல்லா டென்ட்டையும் உருவச் சொன்னாரு. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னாரு. உனக்குக் கேக்கலையா? நான் சிப்பாய். உருவிட்டேன்."

டார்க்கஸ் கையிலிருந்த ஈர மூட்டை அப்படியே நழுவியது. திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். திட்டுவதற்குக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கிண்ணத்தை எடுத்தாள். முந்தின இரவே உருட்டி வைத்திருந்த புதுத் திரியை எடுத்தாள். பக்கத்தில் மண்டியிட்டாள்.

சைலஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சலிலும் பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"மாட்டேன்."

"சைலஸ், வாய் மூடிக்கிட்டு வருது. இப்ப வச்சாத்தான் போகும். ராத்திரிக்குள்ள மூடிக்கிச்சுன்னா வைத்தியர் ரம்பத்தோடதான் வருவாரு."

"எடுன்னு ஆர்டர். போடுன்னு ஆர்டர் வரட்டும். சார்ஜென்ட் வந்து சொல்லட்டும், அப்ப போட்டுக்கறேன்."

"விளையாடறியா? உன் காலுப்பா இது!"

"ஆமா, என் கால்தான்," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவளைவிட அவன் பலசாலி. பிடித்து அமுக்கி வைக்க முடியாது. எழுந்து மழைக்குள் நடந்தாள்.

சார்ஜென்ட் ஹாக்பென் சேற்றில் கணுக்கால்வரை புதைந்து, காலியான சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தொப்பியின் மூன்று மூலையிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

"சார்ஜென்ட், கொஞ்சம் வரணும்."

"பில்ச்சரம்மா, வண்டி வரட்டும், உன் புருஷனைத்தான் முதல்ல ஏத்துவேன். இப்ப என்னைக் கொல்லாதே."

"அதில்ல. அவரு டென்ட்டை உருவிட்டாரு."

"எந்தப் பய உருவினான்? நோயாளி டென்ட்டைக் கடைசியாத்தானே எடுக்கச் சொன்னேன்!"

"அந்த டென்ட் இல்ல சார்ஜென்ட். கால்ல இருக்கிற டென்ட்டு. நீங்க கத்தினது கேட்டு, உத்தரவுன்னு சொல்லி அவரே உருவிட்டாரு. நீங்க வந்து போடச் சொன்னாத்தான் போடுவாராம்."

சார்ஜென்ட் அவளையே பார்த்தார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கோடை பூரா நான் சொன்ன ஒரு உத்தரவையாவது அந்தப் பய ஒழுங்காக் கேட்டிருக்கானா? இதை மட்டும் கேட்டானாக்கும்?"

"வாங்க, சார்ஜென்ட். நிக்க முடியல எனக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வந்தார். கூடாரத்துக்குள் நுழைந்து, புண்ணை எட்டிப் பார்த்தார். ஆட்டுக் காலில் இதே மாதிரி எத்தனையோ பார்த்தவர். முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து நின்று, மார்பை விரித்து, அணிவகுப்பில் கத்துகிற அதே குரலில் கத்தினார்:

"பில்ச்சர்! டென்ட்டைப் போடு! உடனே போடு! உத்தரவு!"

துணிச் சுவர்கள் அதிர்ந்தன. வெளியே மழையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் முனகுகிற சத்தம் கேட்டது.

"என்னது? மறுபடியும் போடறதா?"

"இப்பத்தானே ஐயா உருட்டினோம்!"

"கேப்டனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. காலையில உருவு, சாயங்காலம் போடு."

"பேசாம முளையை எடுடா. உத்தரவுன்னு காதுல விழல?"

பிறகு மரச் சுத்தியல் அடிக்கிற சத்தம். டக், டக், டக். ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மேடு முழுக்க.

சார்ஜென்ட் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "அட ஆண்டவனே," என்றார். "அந்த டென்ட்டைச் சொல்லலையேடா நான்!" என்று வெளியே ஓடினார்.

சைலஸ் சிரித்துவிட்டான். வயிறு குலுங்க, தொடை வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். டார்க்கஸும் சிரித்தாள். எத்தனை வாரமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! சிரித்து முடித்தபோது சைலஸின் கண்ணிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

அவள் திரியை மறுபடி கையில் எடுக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உத்தரவு வந்தாச்சு. இப்பவும் மாட்டேன்னுதான் சொல்லப் போற, இல்லையா?" என்று கேட்டாள்.

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

"அப்ப என்னன்னு சொல்லு. சார்ஜென்டை விடு, கேப்டனை விடு. என்கிட்ட சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"உன் கை வர்றதைப் பார்த்தாலே எனக்கு நடுங்குது, டார்க்கஸ். சூளையில வேலை முடிஞ்சு வந்தா, நீ இந்தக் கையாலதான் என் முதுகைத் தேய்ச்சு விடுவ. அதை நினைச்சுப் பார்க்கறேன், நினைவுக்கே வரமாட்டேங்குது. கதவுத் துணி விலகி நீ வந்தா, என் பொண்டாட்டி வர்றான்னு தோணல. வலி வருதுன்னுதான் தோணுது. வலியைக்கூடத் தாங்கிக்குவேன். இதைத் தாங்க முடியல."

டார்க்கஸ் தன் கைகளைப் பார்த்தாள். வெடித்துச் சிவந்து, நுனியெல்லாம் வெளுத்துப்போன கைகள்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "தினம் விடிஞ்சா உன்னைக் குத்தறதுக்குன்னே எழுந்திருக்கேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கற. உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்தக் கையைத்தானே கூடவே வச்சுக்கிட்டுத் திரியறேன். எங்க கொண்டுபோய் வைக்கட்டும்?"

வெளியே சுத்தியல் சத்தம். யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். மழை.

"நீ சாகறதைவிட என்னை வெறுக்கறது பரவாயில்லன்னுதான் செஞ்சேன்," என்றாள் அவள். "ஆனா இனிமே முடியல, சைலஸ். பலவந்தமா வைக்க மாட்டேன். எனக்குத் தெம்பில்ல."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேராகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஒட்டிப்போன கன்னம். இவள் எப்போது இப்படி ஆனாள்? சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தவனுக்கு எப்படித் தெரியும்?

பிறகு கையை நீட்டினான்.

"குடு."

"என்னது?"

"திரியைக் குடு. உருவினது நான்தானே. நானே போட்டுக்கறேன். நீ எப்படின்னு மட்டும் சொல்லு. கை வைக்காதே."

அவள் கிண்ணத்தை எடுத்தாள். திரியை மருந்தில் தோய்த்து அவன் விரல்களுக்கிடையில் வைத்தாள். தலைக்குப் பின்னால் மூட்டையைக் கொடுத்து அவனை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"முதல்ல கட்டை விரலால வாயை லேசா விரி. ஆமா. இன்னும். சீழ் வரும், வரட்டும், பயப்படாதே."

அவன் பல்லைக் கடித்தான். தேங்கி நின்றதெல்லாம் வெளியே வந்தது. நாற்றத்தில் அவனே முகத்தைச் சுளித்தான்.

"சீ, இதையா தினம் மோந்துக்கிட்டு இருந்த?"

"பின்ன? ஹாப்ஸ் வாசனையா வரும்? இப்ப திரியைச் சாய்ச்சுப் பிடி. நேரா குத்தாதே, மேல் பக்கமா. அங்கதான் பை மாதிரி இருக்கு. மெதுவா. நிறுத்து. மூச்சு விட்டுக்கோ. இன்னும் கொஞ்சம்."

நெற்றியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட அவன் செருகினான். அவள் செருகியதைவிட அதிக நேரம் பிடித்தது, அதிகமாகவும் வலித்தது. ஆனால் வலி எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது இப்போது அவன் கையில் இருந்தது. கத்த வேண்டிய இடத்தில் கெட்ட வார்த்தை சொன்னான். அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

வெளியே இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கேப்டன் குதிரையில் வந்து நின்று, பாதி மேட்டில் கூடாரங்கள் மறுபடி முளைத்திருப்பதைப் பார்த்தார்.

"யார் உத்தரவு இது, ஹாக்பென்?"

சார்ஜென்ட் விறைப்பாக நின்றார். "என் குரல்தான் ஐயா. தப்பான காதுல விழுந்துட்டுது."

"எனக்குப் புரியல."

"புரியற மாதிரி சொல்ல என்னால ஆகாது ஐயா. வேணும்னா என்னைத் திட்டிடுங்க, சீக்கிரம் முடிஞ்சுடும்."

கேப்டன் சாலைப் பக்கம் திரும்பினார். வண்டிகள் கீழே பள்ளத்தில் அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்டன, நாளைக்குமுன் வராது என்ற செய்தியோடுதான் அவரே வந்திருந்தார். அவரும் காலையிலிருந்து நனைந்தவர்தான். நின்ற கூடாரங்களைப் பார்த்தார், மழையில் கிடந்தவர்களைப் பார்த்தார்.

"மீதியையும் அடிச்சுடு," என்று அலுப்போடு சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

இந்தச் சங்கதியை எல்லாம் டார்க்கஸிடம் சொல்லத்தான் ஹெஸ்டர் ஒரு கிண்ணம் சூடான ஆட்டிறைச்சிக் கஞ்சியோடு நோயாளிக் கூடாரத்துக்கு ஓடி வந்தாள். கதவுத் துணியை விலக்கி, "ஏண்டி, உன் புருஷனால..." என்று ஆரம்பித்தாள்.

"உஷ்," என்றான் சைலஸ்.

அவன் கட்டுத் துணியைத் தானே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கோணல் மாணலான முடிச்சு. பக்கத்தில் டார்க்கஸ் நடுக்கம்பில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெடித்த கை ஒன்று அவன் நல்ல கால்மேல் கிடந்தது. அவன் அதை நகர்த்தவில்லை.

"கஞ்சியை அங்க வச்சிட்டுப் போ, ஹெஸ்டர்," என்று கிசுகிசுத்தான். "அவ எழுந்தா நான் குடுத்துக்கறேன்."

கால் போகவில்லை, கண்ணுகளா. ஆறுவதற்குக் குளிர்காலம் பூராவும் ஆயிற்று. தினமும் அவன்தான் மாற்றிக்கொண்டான். அவள் திரியை மட்டும் உருட்டிக் கொடுப்பாள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெலிசாக. கடைசியில் ஊசி நூல் மாதிரி ஆனபோது, போதும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நடையில் கொஞ்சம் சாய்வு தங்கிவிட்டது. அதனாலேயே படையிலிருந்து அவனை விடுவித்துவிட்டார்கள். அடுத்த ஹாப்ஸ் அறுவடைக்குச் சூளையில் இருந்தான். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்காருவான். அவள் கை வரும்.

எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்கும் நோவு வராமல் இருக்கட்டும். வந்தாலும், நோகிறவரும் பார்த்துக்கொள்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஒரு வார்த்தை மிச்சம் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், பானை காலியாகாமல், களைத்துப் படுப்பவர்களுக்கெல்லாம் நல்ல உறக்கத்தை ஆண்டவன் உங்கள் வீட்டில் தரட்டும்.